பூநாரையும் நெல்லும்: கமார்க் போய் வந்த கதை

இது கொஞ்சம் நீளம். காப்பியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உட்காருங்க.

போன மே மாசம் பத்து நாள் லீவு போட்டு பிரான்ஸோட தென்கரைக்குக் குடும்பத்தோட போனோம். நான், தங்கமணி, பொண்ணு, கூடவே அம்மா. மத்தியதரைக் கடல்னதும் நீங்க நினைக்கிற நீஸ், கான் எல்லாம் இல்லை. பொண்ணு ஒன்பதாம் வகுப்பு. ரெண்டு வருஷமா பறவைப் பைத்தியம். ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி பிக்வான் கூட்டிட்டுப் போகச் சொல்லுவா. புனேக்காரங்களுக்குத் தெரியும், உஜனி அணையோட தேங்கு நீர், குளிர்காலத்துல பூநாரைங்க வந்து நிக்கிற இடம். அந்தப் பூநாரைங்க ஐரோப்பாவில் ஆயிரக்கணக்குல முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற இடம் ஒண்ணு இருக்குன்னு எங்கேயோ படிச்சுட்டு வந்து, "அப்பா, கமார்க்" அப்படின்னு ஒரே பிடிவாதம். ஸ்கூல்ல மூணாவது மொழியா பிரெஞ்சு எடுத்ததுக்கு இதுதான் பிரயோஜனம்னு வேற சேர்த்துக்கிட்டா.

அம்மா கூட வர்றதுக்குத்தான் ரொம்ப யோசிச்சாங்க. மன்னார்குடிப் பக்கம் கிராமத்துல பிறந்து, வாக்கப்பட்டு, நாற்பது வருஷம் வயலும் வரப்புமா இருந்தவங்க. அப்பா போனதுக்கப்புறம் எங்களோட புனேயில. "பறவையைப் பார்க்க பிளேன்ல போறதாடா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. பதில் சொல்லாம விசாவுக்கு போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டேன்.

மார்செய்ல இறங்கி, ஒரு காரை வாடகைக்கு எடுத்து, ரோடோட வலது பக்கத்துல பயந்து பயந்து ஓட்டி ஆர்ல் நகரம் போய்ச் சேர்ந்தோம். ஆல்ப்ஸ் மலையிலேர்ந்து வர்ற ரோன் ஆறு ஆர்ல் கிட்டே ரெண்டாப் பிரியுது. பெரிய ரோன், சின்ன ரோன். ரெண்டுக்கும் நடுவுல கடல் வரைக்கும் இருக்கிற முக்கோணம்தான் கமார்க். நம்ம காவிரி டெல்டா மாதிரி வண்டல் கொட்டி உண்டான பூமி. ஆனா டெல்டாவிலேர்ந்து வந்தவன் கண்ணுக்கு முதல்ல விசித்திரமாத் தெரியும். ஒரு பக்கம் உப்பு பூத்த தரை, நடுவுல வக்காரஸ்னு ஒரு பெரிய ஏரி, இன்னொரு பக்கம் வெள்ளைக் குதிரை, கருப்புக் காளை. ஆகாயம் மட்டும் அவ்வளவு பெரிசு.

முதல் நாள் சாந்த் மரி ஊருக்குப் போற வழியில போன் தெ கோ பறவைப் பூங்கா. 1949ல் ஒரு சின்ன பறவைக் காட்சி இடமா ஆரம்பிச்சது, இப்போ சதுப்புக்கு நடுவுல நடைபாதை போட்டு பெரிசா இருக்கு. அங்கே பூநாரையைத் தேட வேண்டியதே இல்லை. இருபது அடியில நிக்குது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாப் போட்டு, தண்ணியை உறிஞ்சி வடிகட்டி, நடந்துகிட்டே சாப்பிடுது. உப்புத் தண்ணியில இருக்கிற சின்னச் சின்ன இறாலைத் தின்னுதான் அந்த ரோஜா நிறம் வருது. பொண்ணு பைனாகுலரை எடுக்கவே இல்லை. வாயைத் திறந்துகிட்டு நின்னா. நெட்டைக்கால் உள்ளான், சின்னக் கொக்கு, உண்ணிக்கொக்கு எல்லாம் நம்ம ஊர்ப் பயலுகதான். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?"னு அம்மா கேட்டது கொக்கைப் பார்த்துத்தான்.

இந்த இடத்துல கொஞ்சம் சரித்திரம். கமார்க்கைப் பார்த்தா மனுஷன் கை படாத காடுன்னு தோணும். உண்மை நேர் எதிர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுல வந்த பெரிய வெள்ளங்களுக்கப்புறம் ஆத்துக்கு ரெண்டு பக்கமும் கரை எழுப்பி, கடலோரமா ஒரு நீளமான தடுப்புச் சுவரும் கட்டி, இந்த முக்கோணத்தை ஒரு தட்டு மாதிரி ஆக்கிட்டாங்க. அதுலேர்ந்து அங்கே தண்ணி எங்கே நிக்கணும், எங்கே வத்தணும்கிறதை முடிவு பண்றது பம்பு செட்டுதான். தெற்கே உப்புக்காரங்க கடல் தண்ணியை உள்ளே ஏத்துறாங்க. வடக்கே விவசாயிங்க ஆத்துத் தண்ணியை ஏத்துறாங்க. நடுவுல பறவைங்க.

பூநாரை கதையே இதுக்கு நல்ல உதாரணம். 1960கள்ல பல வருஷம் அதுங்க கமார்க்குல கூடே கட்டலை. கூடு கட்டின மண்திட்டுங்க அலையில கரைஞ்சு போயிருந்தது. நரி, கடற்காகம் தொந்தரவு வேற. அப்போ அங்கே லுக் ஹாஃப்மன்னு ஒருத்தர் இருந்தார். சுவிட்சர்லாந்தோட பெரிய மருந்துக் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை. கம்பெனியைப் பார்த்துக்காம பறவை ஆராய்ச்சிக்கு வந்து, கமார்க்குல நிலம் வாங்கி, 1954ல் தூர் து வாலாங்கற ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பிச்சார். 1961ல் உலக வனவிலங்கு நிதியத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். 1971ல் ஈரான்ல ராம்சார் ஊர்ல கையெழுத்தான ஈரநில ஒப்பந்தம் இருக்கே, நம்ம கோடியக்கரைக்கும் பள்ளிக்கரணைக்கும் இப்போ அந்தப் பட்டம் கிடைச்சிருக்கே, அதுக்கு விதை போட்டது 1962ல் இதே சாந்த் மரி ஊர்ல நடந்த ஒரு மாநாடு. அதுக்குப் பின்னாலயும் இவர்தான். 2016ல் காலமானார்.

அந்த நிலையத்துக்காரங்க உப்புக் கம்பெனியோட பேசி, ஃபாங்காசியேங்கற உப்பு ஏரிக்கு நடுவுல 1970ல் ஒரு செயற்கைத் தீவு போட்டாங்க. மண்ணைக் கொட்டித் தீவு ரெடி. பூநாரை வரலை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்... ம்ஹூம். அப்புறம் சேத்தைக் குழைச்சு, பூநாரை கட்டற மாதிரியே போலிக் கூடுங்களைச் செஞ்சு வச்சிருக்காங்க. "ஏற்கெனவே ஆள் குடியிருக்கு போல"ன்னு நினைச்சு 1974ல் அதுங்க வந்து இறங்கிடுச்சு! புது லேஅவுட்ல நாலு வீட்டைக் கட்டிக் காட்டினாத்தான் அஞ்சாவது ஆள் மனை வாங்குவான், அதே கதை. அதுக்கப்புறம் வருஷத்துக்கு பத்தாயிரம் ஜோடிக்கு மேல கூட கூடு கட்டியிருக்கு. 1985 ஜனவரி கடுங்குளிர்ல ஏரி உறைஞ்சு ஏறக்குறைய மூவாயிரம் பூநாரை செத்தும் கூட்டம் மீண்டு வந்தது. 2008லேர்ந்து உப்புக் கம்பெனி நிலத்துல பெரிய பகுதியை அரசோட கடலோரப் பாதுகாப்பு அமைப்புக்கு வித்தது. பம்பு நின்னது. தீவு பழையபடி கரைய, பூநாரைங்க மேற்கே எக் மோர்த் உப்பளத்துக்கு வீடு மாத்திக்கிட்டாங்க. நம்மள மாதிரிதான், வேலை எங்கேயோ வீடு அங்கே.

சாலிம் அலி 1945ல் கட்ச் ரண்ணுக்குப் போய் லட்சத்துக்கும் மேல கூடுகளை மதிப்பிட்டார். அது மழை வந்தா உண்டு, வரலைன்னா இல்லை. கமார்க்குல மழைக்குப் பதில் மோட்டார்.

இதெல்லாம் பொண்ணுக்காகப் போன கதை. அம்மாவோட கதை ரெண்டாம் நாள் சாயங்காலம் ஆரம்பிச்சது.

நாங்க தங்கினது ஒரு பழைய பண்ணை வீடு. வீட்டுக்காரருக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். சாயங்காலம் வாசல்ல உட்கார்ந்து கொசு அடிச்சுக்கிட்டு இருக்கோம் (கமார்க் கொசு முன்னாடி நம்ம மன்னார்குடி கொசு சைவம்). திடீர்னு டமால்னு ஒரு சத்தம். பொண்ணு துள்ளி எழுந்துட்டா. ரெண்டு நிமிஷத்துல இன்னொரு டமால். வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னார். எரிவாயு பீரங்கி. குண்டு கிண்டு இல்லை, வெறும் சத்தம். ராத்திரியில பூநாரைங்க வயல்ல இறங்கி, முளைச்சு வர்ற பயிரை மிதிச்சு சேறாக்கிடுது, அதை விரட்டத்தானாம். 1970களோட கடைசியிலேர்ந்து இந்தச் சண்டை நடக்குது.

"என்ன பயிராம்?"னு அம்மா கேட்டாங்க.

பொண்ணு கேட்டுச் சொன்னா. "அரிசி, அப்பாயி."

அம்மா எழுந்து செருப்பை மாட்டிட்டாங்க. அவங்களை அதுக்கு முன்னாடி அந்தப் பயணத்துல அவ்வளவு வேகமா நான் பார்க்கலை. வீட்டுக்குப் பின்னால போனா, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணி கட்டின வயல். பயிர் ஒரு சாண் கூட இல்லை, தண்ணிக்கு மேல பச்சைப் புகை மாதிரி. கருப்பா, அரிவாள் அலகோட ஒரு கூட்டம் வரப்போரமா மேஞ்சுக்கிட்டு இருந்தது. சங்கப் பாட்டுல வர்ற அன்றில் இதுதான்னு சிலர் சொல்லுவாங்க. அம்மா அதையெல்லாம் பார்க்கலை. குனிஞ்சு ஒரு நாத்தைத் தொட்டுப் பார்த்தாங்க. "நேரடி விதைப்பு. நடவு இல்லை. மேட்டூர்ல தண்ணி விடாத வருஷம் நாம போடுவோமே, அது மாதிரி." அப்புறம் சுத்திப் பார்த்துட்டு, "ஒரு ஆளைக் காணோமேடா வயல்ல"ன்னாங்க. டிராக்டர்தான் எல்லாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு கேட்டாங்க.

"கோதுமை திங்கிறவங்களாச்சே. இதை யார் இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

பொண்ணு திக்கித் திணறி பிரெஞ்சுல கேட்டா. பெரியவர் உடனே பதில் சொல்லலை. அப்புறம் ஒரே வார்த்தை. வியட்நாம்காரங்க. எங்கப்பா காலத்துல, யுத்தத்தப்போ, அப்படின்னார்.

அன்னிக்கு ராத்திரியும் அப்புறம் ஊருக்கு வந்து பல ராத்திரியும் நான் படிச்சதைச் சுருக்கமாச் சொல்றேன்.

கமார்க்குக்கு நெல் முன்னாடியே வந்திருக்கு. பதினாறாம் நூற்றாண்டு கடைசியில நாலாம் ஹென்றி ராஜா போடச் சொல்லியிருக்கார். பத்தொன்பதாம் நூற்றாண்டுல நிலத்து உப்பைக் கழுவ நெல் போட்டாங்க. வயல்ல நல்ல தண்ணி நின்னா உப்பு கீழே இறங்கிடும், அடுத்து திராட்சை வைக்கலாம். விளைஞ்ச நெல்லை மாட்டுக்கும் கோழிக்கும் போட்டாங்களாம். மனுஷன் சாப்பிடற தரத்துக்கு அதை அங்கே நிலைநிறுத்தினது வேற ஆளுங்க.

1939ல் ஜெர்மனியோட யுத்தம் ஆரம்பிச்சதும், பிரான்ஸ் தன்னோட காலனியான இந்தோசீனாவிலேர்ந்து சுமார் 20,000 பேரைக் கப்பல் ஏத்திக் கொண்டு வந்தது. சிப்பாயா இல்லை. தொழிலாளியா, வெடிமருந்துத் தொழிற்சாலைல வேலை செய்ய. இஷ்டப்பட்டு வந்தவங்க கொஞ்சம் பேர். பெரும்பாலானவங்க கிராமத்துலேர்ந்து கட்டாயமா பிடிச்சு வரப்பட்டவங்க. ரெண்டு மூணு ஆம்பளைப் பிள்ளை இருக்கிற வீட்டுல ஒருத்தனைக் குடுத்தே ஆகணும், இல்லைன்னா அப்பனுக்கு ஜெயில். மார்செய்ல இறக்கி முதல்ல எங்கே தங்க வச்சாங்க தெரியுமா? புதுசாக் கட்டின போமெத் சிறைச்சாலையில. கைதிங்க வர்றதுக்கு முன்னாடி அதுல படுத்தவங்க இவங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் குடுத்தாங்க.

1940 ஜூன்ல பிரான்ஸ் தோத்துப் போச்சு. தொழிற்சாலைங்க நின்னது. கடல் வழி அடைபட்டதால கொஞ்சம் பேரைத் தவிர மத்தவங்களைத் திருப்பி அனுப்ப முடியலை. அரசாங்கம் இவங்களை வாடகைக்கு விட ஆரம்பிச்சது. காட்டுல மரம் வெட்ட, உப்பளத்துல உப்பு வார, பண்ணைல வேலை பார்க்க. வாடகைப் பணம் அரசாங்கத்துக்கு. தொழிலாளிக்குக் கிடைச்சது ஒரு பிரெஞ்சுத் தொழிலாளி சம்பளத்துல பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான்.

யுத்தத்துல அரிசி வரத்தும் நின்னு போச்சு. சாப்பாட்டுக்குப் பஞ்சம். அப்பத்தான் யாருக்கோ தோணியிருக்கு, நம்மகிட்டே நெல் தெரிஞ்ச ஆயிரக்கணக்கான பேர் சும்மா இருக்காங்களேன்னு. 1941-42ல் சுமார் 500 பேரைக் கமார்க்குக்கு அனுப்பினாங்க. உப்புத் தரையில வரப்புக் கட்டி, மட்டம் பார்த்து, நாத்து விட்டு, பறிச்சு, குனிஞ்சு கையால நட்டு விளைய வச்சாங்க. மிஸ்ட்ரல்னு வடக்கேயிருந்து ஒரு காத்து அடிக்கும் அங்கே. மே மாசத்துலயே எங்களுக்கு ஜாக்கெட் தேவைப்பட்டது. அதுல தண்ணிக்குள்ள நின்னு நடவு. நம்ம ஊர் சேறு வெதுவெதுன்னு இருக்கும்னு அம்மா சொன்னாங்க. எனக்கு அதுவே தெரியாது, நான் இறங்கினதில்லை.

யுத்தம் முடிஞ்சும் உடனே ஊருக்குப் போக முடியலை. அங்கே பிரான்ஸுக்கும் வியட்நாமுக்கும் சண்டை ஆரம்பிச்சாச்சு. கப்பல் இல்லைன்னு இழுத்தடிச்சு, கடைசிக் கூட்டங்கள் திரும்பினப்போ 1952. இருபது வயசுல வந்தவன் முப்பத்தி மூணுல போறான். ஆயிரத்துக்கு மேற்பட்டவங்க அங்கேயே தங்கிட்டாங்க. இந்தப் பக்கம் கமார்க்ல நெல் பிச்சுக்கிட்டு வளர்ந்தது. 1960களோட தொடக்கத்துல 30,000 ஹெக்டேருக்கு மேல. நடவுக்கு ஸ்பெயின்ல வலென்சியாவிலேர்ந்து ஆளுங்க வந்தாங்க, அப்புறம் நடவே போய் இயந்திரம் வந்தது. 2000ல் கமார்க் அரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. வெள்ளைக் குதிரை, காளை, பூநாரையோட அரிசியும் அந்த மண்ணோட பாரம்பரியம் ஆயிடுச்சு. கத்துக் குடுத்தவங்களை மட்டும் யாரும் பேசலை.

அறுபது வருஷம் கழிச்சு, பியேர் டோம்னு ஒரு பத்திரிகையாளர் ஆர்ல்ல ஒரு ஆலை மூடின செய்திக்காகப் போனவர், அங்கே அரிசி அருங்காட்சியகத்துல பழைய போட்டோவைப் பார்த்திருக்கார். வயல்ல ஆசிய முகங்கள். இவங்க யார்னு தேட ஆரம்பிச்சார். வயசாகி பிரான்ஸ்லயும் வியட்நாம்லயும் மிச்சம் இருந்தவங்களைத் தேடிப் போய்ப் பேசி, 2009ல் புத்தகமாப் போட்டார். அந்த வருஷ டிசம்பர்ல ஆர்ல் மேயர் அவங்களுக்கு மரியாதை செஞ்சார். வந்து நின்னவங்க எல்லாம் தொண்ணூறை ஒட்டின கிழவனார்கள்.

வியட்நாம்னதும் நமக்கு சம்பந்தமில்லாத ஊர்னு நினைக்காதீங்க. இதே பிரெஞ்சு அரசாங்கத்துக்காக புதுச்சேரி, காரைக்கால் தமிழங்க பலர் சைகோன்ல குமாஸ்தாவாவும் போலீஸாவும் இருந்தாங்க. நகரத்தார் வட்டிக்கடை வச்சிருந்தாங்க. பிடிச்சுக் குடுத்த அரசாங்கத்தோட பேரேட்டுல நம்ம கையெழுத்தும் எங்கேயாவது இருக்கலாம். எனக்கு அது உறுத்தத்தான் செய்யுது.

நாலாம் நாள் அம்மா கேட்டுக்கிட்டபடி சலான் தெ ஜிரோவுக்குப் போனோம். உப்புக்காக உண்டான ஊர். பெல்ஜியத்துல இருக்கிற மாதிரி வரிசையா செங்கல் லைன் வீடுங்க, கிரேக்கத் தொழிலாளிங்க கட்டிக்கிட்ட ஒரு கோயில், தூரத்துல மலை மாதிரி உப்பு அம்பாரம். வேதாரண்யம் தாண்டிப் போன மாதிரியே இருந்தது. அங்கேயும் உப்பளம், பக்கத்துல கோடியக்கரைல இதே பூநாரை. ஊர்ல 2014 அக்டோபர்ல அந்தத் தொழிலாளர்களுக்கு நினைவுச்சின்னம் வச்சிருக்காங்க. செஞ்சவர் லெபாதாங், பெரிய ஓவியர். அவரே 1939ல் இப்படித் தொழிலாளியா வந்து இறங்கினவர்தான். சின்னம் திறந்த அடுத்த வருஷம் காலமாயிட்டார்.

பொண்ணு பலகையைப் படிச்சு அப்பாயிக்குத் தமிழ்ல சொன்னா. அம்மா கேட்டுட்டு ஒண்ணும் பேசலை. கார்ல வரும்போது, சம்பந்தமே இல்லாம, எங்க வயல்ல நடவுக்கு வர்ற பொம்பளைங்க பேரை ஒண்ணொண்ணா சொல்ல ஆரம்பிச்சாங்க. யாருக்கு எத்தனை பிள்ளை, யார் நடவுப் பாட்டு எடுத்துக் குடுப்பாங்க, யாருக்குக் கூலி பாக்கி வச்சு அப்பாவோட சண்டை வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். எனக்கு ரெண்டு முகம்தான் ஞாபகம் வந்தது. ஒரு பேர் கூட வரலை. அந்தச் சோத்தைத் தின்னுதான் இன்ஜினீயரிங் படிச்சேன். தங்கமணி கண்ணாடி வழியா என்னைப் பார்த்தா, நான் ரோட்டைப் பார்த்தேன்.

கிளம்பற அன்னிக்குக் காலையில பொண்ணுக்கு ஒரு அதிர்ஷ்டம். கரையோரமா நின்ன ஒரு பூநாரை கால்ல பிளாஸ்டிக் வளையம், எழுத்தெல்லாம் தெளிவாத் தெரிஞ்சது. கமார்க்ல 1977லேர்ந்து குஞ்சுங்களுக்கு இப்படி மாட்டுறாங்க. ஆகஸ்ட்ல ஒரு நாள் விடியற்காலையில, பறக்கத் தெரியாத குஞ்சுங்களைத் தன்னார்வலர்கள் வளைச்சுப் பிடிச்சு, எண் மாட்டி விட்டுடுவாங்க. நோட்டுல எழுதிக்கிட்டு வந்து, புனே வந்ததும் மெயில் அனுப்பினா. மூணு வாரத்துல பதில் வந்தது. ஒரு பக்கம் முழுக்க அந்தப் பறவையோட ஜாதகம். 2006ல் ஃபாங்காசியேல பிறந்தது, அப்புறம் ஸ்பெயின், சார்டீனியா, திரும்ப கமார்க். எந்தத் தேதியில எந்த ஏரியில நின்னதுன்னு வரி வரியா.

அதை பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கா. அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு அதை எழுத்துக் கூட்டிப் பார்த்துட்டு, "பட்சிக்கு இவ்வளவு எழுதி வச்சிருக்கானுங்களே"ன்னாங்க.

வர்றப்போ ஒரு கிலோ கமார்க் சிவப்பரிசி வாங்கிட்டு வந்தோம். குக்கர்ல ஆறு விசில் விட்டும் குழையலை. மறுநாள் அம்மா ராத்திரியே ஊறப் போட்டுக் கஞ்சி வச்சாங்க, சின்ன வெங்காயத்தோட. அது நல்லா இருந்தது.